எட்டுப் பேரின் தோள்

"கழுத்துல ஒண்ணும் இல்லியாம்டா" என்றான் அண்ணன். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடி. அவன் கையில் சி.டி. ஸ்கேன் உறை. உள்ளே இருந்த தாளின் கடைசி வரியை அவனுக்குப் படித்துச் சொன்னதே நான்தான்: குறிப்பிடத்தக்க நிணநீர்க் கணு வீக்கம் எதுவும் இல்லை. அதையே அவன் எனக்குத் திருப்பிச் சொன்னான். மூன்று வாரமாக யாருக்கும் சோறு இறங்காத வீடு எங்களுடையது. இரண்டு பேரும் கீழே போய் டீ குடித்தோம். அண்ணன் வடைகூட வாங்கிக்கொண்டான்.

பெரியம்மாவுக்கு நாக்கின் வலது ஓரத்தில் புண். "பல்லு குத்திக் குத்தி ஆனது" என்று மாசிக்காய் உரைத்துத் தடவிக்கொண்டும் படிகாரத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டும் நான்கு மாதம் ஓட்டிவிட்டாள். கன்னத்தில் புகையிலை அதக்கும் பழக்கம் அவளுக்கு முப்பது வருடத்துக்கு மேல். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி தட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து தட்டுகிற வேலை, வாயில் ஏதாவது இருந்தால்தான் ஓடும் என்பார்கள். தர்மபுரியில் சதை எடுத்துச் சோதித்து, புற்றுதான் என்று உறுதியானதும், மஞ்சவாடி கணவாய் வழியாக சேலத்துக்கு பஸ் ஏறினோம்.

டீ குடித்துவிட்டு மேலே வந்தபோது அறுவை மருத்துவர் கூப்பிட்டார். நாக்கில் இருப்பதை எடுக்கப் போகிறோம், கூடவே வலது பக்கக் கழுத்தைத் திறந்து அங்கிருக்கும் கணுக்களையும் எடுத்துவிடலாம் என்றார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கே சார்?" என்றான் அண்ணன்.

"ஒண்ணும் தெரியலன்னு போட்டிருக்கு" என்றார் அவர்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. 'இல்லை', 'தெரியவில்லை' என்ற அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இந்தக் கட்டுரை நிற்கிறது.

*

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டும்' என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. உடம்பின் காவல் சாவடிகள். கழுத்தில் மட்டும் சுமார் 300 இருக்கின்றன. வாயில் வரும் புற்று வெளியே கிளம்பினால் பெரும்பாலும் முதலில் வந்து தங்குவது இங்கேதான். ஒரே ஒரு கணுவில் ஏறிவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது புற்றுநோய் மருத்துவர்களின் பழைய வாய்ப்பாடு. அதனால்தான் நாக்கில் புண் என்று போனவரின் கழுத்தை எல்லோரும் தடவிப் பார்க்கிறார்கள்.

விரலுக்கு அகப்படாததைப் பார்க்கத்தான் படங்கள். அல்ட்ராசவுண்டில் நல்ல கணு மொச்சைக் கொட்டை மாதிரி நீள்வட்டமாக, நடுவில் கொழுப்பின் வெள்ளைக் கோட்டோடு தெரியும். புற்று ஏறினால் உருண்டையாகும், அந்தக் கோடு அழியும். சி.டி.யில் பெரும்பாலும் அளவுதான் கணக்கு. கணுவின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். நடுப்பகுதி அழுகிக் கறுத்திருந்தால் அளவு சிறிதாக இருந்தாலும் சந்தேகம். பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை நரம்பில் செலுத்துவார்கள். பசியோடு இருக்கும் செல் அதிகம் விழுங்கும், விழுங்கிய இடம் படத்தில் ஒளிரும். அந்தக் கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போவது. தயாராகும் ஊரிலிருந்து தூரமாக இருக்கும் ஊருக்கு அது வந்து சேர்வதே ஒரு பந்தயம்.

எல்லாமே அபாரமான கருவிகள்தான். ஆனால் இவற்றில் ஒன்றும் புற்றை நேரடியாகப் பார்ப்பதில்லை. கணுவைப் புற்று என்ன பாடுபடுத்தியிருக்கிறது என்பதைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஊகிக்கின்றன. ஆறு மில்லிமீட்டர் கணு ஒன்றின் மூலையில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் புற்று குடியேறியிருந்தால், கணு பெருக்காது, உருண்டையாகாது. பெட் ஸ்கேனின் கண்ணும் நாலைந்து மில்லிமீட்டருக்குக் கீழே மங்கிவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் ஊரில் கழுத்தில் நெறி கட்ட ஆயிரம் காரணங்கள். சொத்தைப் பல் போதும். சித்த வைத்தியர்கள் கண்டமாலை என்று அழைத்த கழுத்துக் காசநோய் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. காசநோய்க் கணுவும் நடுவில் அழுகும், பெட் ஸ்கேனில் ஒளிரும், புற்று போலவே வேஷம் கட்டும்.

சரி, ஒரு சென்டிமீட்டர் என்ற கோட்டை அரை சென்டிமீட்டருக்கு இறக்கினால்? ஒளிந்திருப்பது கூடுதலாக மாட்டும். கூடவே ஒரு பாவமும் அறியாத எத்தனையோ கழுத்துகளும் மாட்டும். கோட்டை ஏற்றினால் நேர் எதிர். அளப்பது இயந்திரத்தின் வேலை. எந்த மாதிரித் தவறை நாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து கோடு போடுவது மனிதர்கள். ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரிக்குள் இப்படி ஒரு நியாய விசாரணை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது என்பது அன்று டீக்கடையில் நின்ற எங்களுக்குத் தெரியாது.

*

இல்லாததை அறிவது எப்படி என்ற கேள்வி இந்த மண்ணில் ரொம்பப் பழையது. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் வைதிகவாதி அறிவுக்கான வழிகளை, அதாவது அளவைகளை, வரிசையாகச் சொல்கிறான். காண்டல், கருதல், உவமம் என்று போகும் அந்தப் பட்டியலில் அபாவமும் ஒன்று. ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை என்று அறிவதற்குத் தனியாக ஒரு வழி வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியிருக்கிறது.

குமாரில பட்டரின் மீமாம்சை மரபு இதை அனுபலப்தி என்ற பெயரில் விரிவாகப் பேசியது. அவர்கள் சொல்லும் உதாரணம் எளிமையானது. தரையைப் பார்க்கிறேன், குடம் காணோம். ஆகவே குடம் இல்லை. இதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: குடம் அங்கே இருந்திருந்தால் அது என் கண்ணுக்குத் தட்டுப்பட்டே இருக்க வேண்டும். பகல் வெளிச்சம், நல்ல கண், மறைப்பு இல்லாத தரை. அப்போதுதான் 'காணோம்' என்பது 'இல்லை' ஆகும். இருட்டறையில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "குடம் இல்லை" என்று சொன்னால், அது குடத்தைப் பற்றிய செய்தி ஆகாது. வெளிச்சத்தைப் பற்றிய செய்தி.

மருத்துவர்களும் இதை மறந்துவிடவில்லை. புற்றுநோய்க் குறிப்பேட்டில் கழுத்துக் கணுவின் நிலையை 'என்' என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கிறார்கள். கணுவில் புற்று இல்லையென்றால் 'என்-0'. அதற்கு முன்னால் குட்டியாக இன்னொரு எழுத்து வரும். விரலாலும் படத்தாலும் பார்த்துச் சொன்னால் 'சி', கணுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னால் 'பி'. ஆக, சி-என்-0 வேறு, பி-என்-0 வேறு. எந்த அளவையால் அறிந்தோம் என்பதை அறிவோடு சேர்த்தே எழுதிவைக்கும் ஏற்பாடு. மணிமேகலையின் வைதிகவாதி தலையாட்டியிருப்பான். ஆனால் நோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அந்தச் சின்ன எழுத்து உதிர்ந்துவிடுகிறது. வந்து சேர்வது "ஒண்ணும் இல்லியாம்" மட்டும்தான்.

பெரியம்மாவின் மருத்துவர் இன்னொரு அளவையைக் கையில் வைத்திருந்தார். அனுமானம். கழுத்தைப் பற்றி நாக்கே நிறையச் சொல்லும். புண் நாக்கின் தசைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கணுவில் ஏறியிருக்கும் சாத்தியம் கூடும். அவளுக்கு அது ஆழமாகத்தான் இறங்கியிருந்தது. கண் 'காணோம்' என்கிறது, புகை 'நெருப்பு இருக்கலாம்' என்கிறது. எதைக் கேட்பது?

*

இந்தக் கேள்வியை உலகத்துக்காகத் தீர்த்துவைத்தது இந்தியாதான் என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தீர்த்துவைக்க வேண்டிய நிர்ப்பந்தமும் நமக்குத்தான் இருந்தது. 2022இல் மட்டும் இந்தியாவில் புதிதாக வாய்ப்புற்று கண்டவர்கள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல்.

கழுத்துக் கணுக்களை மொத்தமாக எடுக்கும் முறையை அமெரிக்காவின் ஜார்ஜ் கிரைல் 1906இல் விரிவாக எழுதினார். அந்தப் பழைய முறையில் கணுக்களோடு கழுத்தின் பெரிய தசை, பெரிய ரத்தக்குழாய், தோளைத் தூக்கும் நரம்பு எல்லாம் போகும். பின்னால் வந்தவர்கள் அவற்றைக் காப்பாற்றிவிட்டுக் கணுக்களை மட்டும் எடுக்கக் கற்றார்கள். அப்போதும் நரம்பை ஒதுக்கி, இழுத்துப் பிடித்துத்தான் அடியில் இருப்பதை எடுக்க முடியும். அதில் பலருக்குத் தோள் பலவீனமாகும். எனவே, படத்தில் ஒன்றும் தெரியாதவருக்கு இதைச் செய்யலாமா என்ற சண்டை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கணக்குப் போட்டு, கணுவில் புற்று ஒளிந்திருக்கும் சாத்தியம் 20 சதவீதத்தைத் தாண்டினால் கழுத்துக்கும் சிகிச்சை செய்யலாம் என்றார்கள். அந்த 20 வானத்திலிருந்து விழுந்ததில்லை. ஒரு தட்டில் உயிர், இன்னொரு தட்டில் தோளும் தழும்பும் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எடை என்று அனுமானித்துப் போட்ட கணக்கு.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் குழுவினர் 2004 முதல் 2014 வரை நோயாளிகளைச் சேர்த்து நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். எல்லோரும் தொடக்க நிலை வாய்ப்புற்று உள்ளவர்கள், கழுத்தில் எதுவும் தெரியாதவர்கள். குலுக்கல் முறையில் இரண்டு அணி. ஓர் அணிக்கு வாய்ப்புண்ணோடு சேர்த்து அப்போதே கழுத்துக் கணுக்களையும் எடுத்தார்கள். இன்னோர் அணியை விடாமல் கண்காணித்து, கழுத்தில் நோய் தலைகாட்டினால் மட்டும் எடுத்தார்கள். 2015இல் வந்த முடிவில் 500 பேரின் கணக்கு இருந்தது. மூன்று வருட முடிவில் முதல் அணியில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாம் அணியில் 67.5 சதவீதம். முதல் அணியில் 50 சாவு, இரண்டாம் அணியில் 79.

இதையே வேறு மாதிரி சொல்லலாம். எட்டுப் பேருக்கு முன்கூட்டியே கழுத்தைத் திறந்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைப்பார். மீதி ஏழு பேரில் பலர் திறக்காமல் விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். சிலரைத் திறந்தும் காப்பாற்ற முடிந்திருக்காது. அந்த ஒருவர் யார் என்பது முன்னாலும் தெரியாது, பின்னாலும் தெரியாது. முதல் அணியில் கழுத்தைத் திறந்து பார்த்தபோது ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குத்தான் கணுவில் புற்று இருந்தது. மற்றவர்களிடம் ஸ்கேன் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

அப்படியானால் படத்தை நம்பவே கூடாதா? அதுவும் இல்லை. பிரிட்டனில் 564 பேரை வைத்து நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வு நேர் எதிரான இடத்துக்குப் போனது. கழுத்துக் கணுக்களில் புற்று பெரிதாகவே ஏறியவர்கள் அவர்கள். கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு, வழக்கப்படி எல்லோருக்கும் கழுத்தைத் திறப்பதா, அல்லது பெட்-சி.டி.யில் மிச்சம் தெரிகிறவர்களுக்கு மட்டும் திறப்பதா? திட்டமிட்டுத் திறந்த அணியில் 221 அறுவை, படத்தை நம்பிய அணியில் 54. இரண்டு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 81.5 சதவீதம், 84.9 சதவீதம். படத்தை நம்பியவர்கள் எதையும் இழக்கவில்லை, நூற்றுக்கணக்கான கழுத்துகள் கத்தியிலிருந்து தப்பின.

கருவிக்கு நம்பகம் என்று பொதுவாக ஒன்று கிடையாது, கேள்வியைப் பொறுத்து அது மாறும் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். கொழுந்துவிட்டு எரிந்த வீட்டில் தணல் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதும், வைக்கோல் போருக்குள் ஒரு பொறி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் வேறுவேறு. கூடவே இன்னொன்றும் உண்டு. மறுபடி மறுபடி வந்து பார்க்க முடிகிறவருக்குத்தான் 'தெரியவில்லை' என்பதோடு வாழ முடியும். காத்திருந்து பார்க்கலாம் என்ற யோசனைக்குள் பஸ் கட்டணம் இருக்கிறது, ஒரு நாள் கூலி இருக்கிறது, கூட வர ஒரு ஆள் இருக்கிறார். சித்தேரி மலையிலிருந்து மாதாமாதம் கீழே இறங்கி சேலம் வந்துபோக வேண்டியவருக்கும் மருத்துவமனைக்கு எதிர்த் தெருவில் குடியிருப்பவருக்கும் ஒரே ஸ்கேன் ஒரே வரியைத்தான் அச்சடித்துத் தரும். அந்த வரியின் பொருள் இருவருக்கும் ஒன்றில்லை.

*

அண்ணனும் நானும் "எடுத்துடுங்க சார்" என்றோம். பெரியம்மாவின் கழுத்திலிருந்து 27 கணுக்களை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. ஒன்றில்கூடப் புற்று இல்லை. இப்போதுதான் அது பி-என்-0. வீட்டில் எல்லோரும் சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அதற்கடியில் ஏதோ உறுத்தியது.

அவளால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கொண்டை போட முடியாது. கொடியில் சேலை போட முடியாது. பயிற்சிக்காரர் சொன்னபடி சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்றுவாள். சுவரில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் கோடு ஒரு சாண் ஏறியது, பிறகு நின்றுவிட்டது. புளி தட்டுவதென்றால் கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும், நாளுக்கு எட்டு மணி நேரம். அது முடிந்துபோனது.

27இல் ஒன்றே ஒன்றில் புற்று இருந்திருந்தால் இன்று நான் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருப்பேன். "அன்னைக்கு மட்டும் விட்டிருந்தா..." என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருப்பேன். தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976இல் இதைத்தான் ஒழுக்க அதிர்ஷ்டம் என்று பெயரிட்டு விவாதித்தார்கள். எங்கள் கையில் இல்லாத ஒன்று, எங்கள் செயலை நல்லதாகவோ வீணாகவோ ஆக்கிவிடுகிறது. அறிவு சொல்கிறது: முடிவெடுத்த நாளில் உனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கணக்கு, 27 கணுக்களும் சுத்தம் என்ற பிற்பாட்டுச் செய்தியை வைத்து அந்த நாளை நியாயம் விசாரிக்காதே. சரி, ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் அதே ஸ்கேன், அதே ஆழத்தில் புண் என்றால் "எடுத்துடுங்க" என்றுதான் சொல்வேன். உறுத்தல் போகவில்லை. ஏனென்று பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

எங்கள் ஊரில் ஏலச்சீட்டு போடாத வீடு கிடையாது. எட்டுப் பேர் பணம் போடுவார்கள், ஒருவர் எடுப்பார். டாடா ஆய்வின் எட்டுப் பேரையும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். எட்டுப் பேர் ஆளுக்கொரு தோளைப் போடுகிறார்கள், ஒருவர் உயிரை எடுத்துக்கொண்டு போகிறார். நியாயமான சீட்டு. யாருக்கு விழும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் எல்லோரும் சேர்கிறார்கள். ஆனால் எந்தச் சீட்டிலும் சேர்ந்தவருக்குத் தான் சேர்ந்திருப்பது தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது.

முதல் நாளே அண்ணன் மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிட்டான், "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சார்." பல்லு குத்திய புண், கொஞ்சம் பெரிசாகிவிட்டது, சின்ன ஆபரேஷன் என்பதே அவளுக்குச் சொன்ன கதை. படிவத்தில் கையெழுத்து அவள்தான் போட்டாள். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் பெயரைப் போட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது. நோயாளி வயதுவந்தவர், சுயநினைவு திரும்பக்கூடியவர் என்றால், அவரிடம் கேட்காமல் செய்யும் பெரிய அறுவைக்குத் தாயின் சம்மதம்கூட ஈடாகாது. சம்மதம் என்பதே விவரம் தெரிந்து கொடுப்பது. சட்டப்படி எங்கள் காகிதங்கள் சுத்தம். கையெழுத்து அவளுடையது, விவரம் எங்களுடையது.

அண்ணனைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் படுக்கையில் விழுந்து எழாமல் போனவர்களை அவனுக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்தில் பள்ளி ஆண்டுவிழா என்றால் ஓர் அதியமானும் ஓர் ஔவையும் காகித மாலையோடு மேடை ஏறாமல் இருக்கமாட்டார்கள். நான் நான்காம் வகுப்பில் அதியமான். அந்த நெல்லிக்கனியின் பெருமையைச் சொல்லாமல் மறைத்துத்தான் அவன் ஔவைக்குக் கொடுக்கிறான். சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள் என்பது எங்களுக்கு வாத்தியார் சொன்ன விளக்கம். தகடூர்க்காரர்களுக்கு, அன்பு என்றால் மறைப்பதும் அதில் ஒரு பாகம் என்பது பள்ளிக்கூடத்திலேயே பதிந்துவிடுகிறது. அண்ணனும் அப்படித்தான் செய்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அதியமான் மறைத்ததற்கான விலையைக் கொடுத்தவன் அதியமான். நாங்கள் மறைத்ததற்கு விலை கொடுத்தது பெரியம்மாவின் தோள்.

*

அடுத்த வருடம் புளிக் காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் மற்ற பெண்கள் தட்டிக்கொண்டிருக்க, அவள் ஓரமாக உட்கார்ந்து இடது கையால் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாக்கில் ஒரு பங்கு போனதால் பேச்சு கொஞ்சம் குழறும்.

"ஏன் கண்ணு, புண்ணு நாக்குலதான? கழுத்த எதுக்கு அறுத்தாங்க?"

அண்ணன் வீட்டில் இல்லை. சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது அவள் அதிரவில்லை. "தெரியும். கேன்சர் வார்டுல படுத்திருந்தவளுக்கு அதுகூடவா தெரியாது? நீங்க மறைக்கறீங்களேன்னு நானும் கேக்கல" என்றாள். அவள் எங்களுக்காக மறைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் நெல்லிக்கனி கொடுத்திருக்கிறோம்.

ஸ்கேனைப் பற்றிச் சொன்னேன். புளியங்கொட்டை எட்டு எடுத்துத் தரையில் வைத்து, எட்டுப் பேருக்கு இப்படிச் செய்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"இதுல நான் எது?"

"தெரியாது பெரியம்மா. டாக்டருக்கும் தெரியாது. இனிமேலும் தெரியவராது."

கொட்டைகளைக் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "என்னக் கேட்டிருந்தாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். பேத்திக்கு ஒரு கல்யாணம் பாக்க வேணாமா? ஆனா கை இப்படி ஆவலாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த வருசம் புளிக்கு முன்பணம் வாங்கியிருக்க மாட்டேன்."

எனக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். ஆபரேஷனுக்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருக்கட்டும் என்று, வியாபாரியிடம் பத்தாயிரம் முன்பணம் வாங்கியிருக்கிறாள். சீசனில் தட்டிக் கழித்துவிடலாம் என்ற நம்பிக்கை. கழிக்க முடியாமல், அடுத்த ஆடிக்குள் மூன்று ஆடுகளை விற்றுக் கொடுத்திருக்கிறாள். அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை.

உறுத்தல் எங்கே இருந்தது என்று அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது. நோயாளிக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதை நான் அதுவரை ஒரு கொள்கையாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தன்னுரிமை, சம்மதம், இப்படிக் கட்டுரைக்குத் தோதான சொற்களில். சொன்னாலும் அவள் எங்கள் முடிவைத்தான் எடுத்திருப்பாள், எனவே பெரிய நஷ்டமில்லை என்று உள்ளுக்குள் ஒரு சமாதானமும் இருந்தது. அறுவை வேண்டுமா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்விக்குத்தான் அந்த எண்கள் பயன்படும் என்று நினைத்தது என் தவறு. அவள் அதை வைத்து வேறு கணக்குகள் போட்டிருப்பாள். முன்பணம் வாங்கலாமா, எந்தக் கையைப் பழக்கலாம், ஆட்டை எப்போது விற்றால் நல்ல விலை போகும். நிச்சயமின்மையை எப்படிச் சமாளிப்பது என்று மழையை நம்பி விவசாயம் பார்த்த குடும்பத்துக்காரிக்கு நாங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. "மழை வரலாம், வராமலும் போகலாம்" என்பதை வைத்துக்கொண்டு அறுபது வருடம் விதைத்திருக்கிறாள். 'ஒண்ணும் இல்ல' என்று அவளிடம் சொன்னது ஆறுதல் என்று நினைத்தோம். அவள் கையிலிருந்த ஒரு விதைப்புக் கணக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் இப்போது எனக்கு ஒரு சின்ன விதி. ஸ்கேன் அறிக்கையை யாருக்காவது படித்துச் சொல்லும்போது, உதிர்ந்துபோன அந்த எழுத்தைச் சேர்த்துச் சொல்வேன். "படத்துல தெரியல. தெரியாம இருக்கவும் வாய்ப்பிருக்கு. டாக்டர் இவ்ளோன்னு சொல்றாரு." எண்ணைப் புளியங்கொட்டையிலோ சோழியிலோ எண்ணிக் காட்டுவேன். யாருடைய கழுத்தோ அவரிடம். கேட்க வேண்டாம் என்று அவர் சொன்னால் நிறுத்திவிடலாம். நிறுத்தச் சொல்வதும் அவராக இருக்க வேண்டும்.

போன மாதம் மறுபரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அல்ட்ராசவுண்ட் பார்த்த மருத்துவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "என்கிட்டயே சொல்லுங்க சார்" என்றாள் பெரியம்மா. அவர் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பி, இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை, நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாங்க என்றார். தாளை வாங்கி மடித்துத் தன் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். பஸ் மஞ்சவாடி கணவாய் ஏறும்போது தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஆறு மாசம்னா மாசி வந்துடுமா?"

"வந்துடும் பெரியம்மா. ஏன்?"

"கொட்டை பொறுக்கறதுக்கு ரெண்டாயிரம் முன்பணம் தர்றேங்கறான். வாங்கறதா, இல்ல ஸ்கேனு பாத்துட்டு வாங்கறதான்னு யோசிக்கறேன்."